மண் தண்ணீரைக் குடிக்காத இடத்தில் செப்டிக் டேங்க்குக்கு என்ன மாற்று?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு பதிலுக்கு வருகிறேன். மனை முழுக்கக் களிமண். நாலடி தோண்டினால் பாறை தட்டுகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி வந்துவிடுகிறது. வீட்டில் ஐந்து பேர். செப்டிக் டேங்க்கிலிருந்து வரும் தண்ணீர் உறிஞ்சுகுழியில் இறங்காமல் நிற்கிறது. அடைமழை நாட்களில் கழிவறையில் தண்ணீர் எதிர்த்து வருகிறது. பாறையை உடைத்து இன்னும் ஆழமாக ஒரு குழி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் வேலை செய்பவர். போடலாமா, வேறு வழி உண்டா?

போட வேண்டாம். பாறையை உடைத்தால் தண்ணீர் ஒருவேளை இறங்கிவிடும். அப்படி இறங்கினால்தான் ஆபத்து. ஏன் என்று புரிந்துகொண்டால் மாற்று வழிகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

செப்டிக் டேங்க் கழிவுநீரைச் சுத்தம் செய்வதில்லை, பிரித்து மட்டும் வைக்கிறது. கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடை கட்டுகின்றன. நடுவில் இருக்கும் கலங்கல் தண்ணீர் வெளியே போகிறது. அந்தத் தண்ணீர் கொஞ்சம் தெளிந்தாற்போலத் தெரிந்தாலும் நோய்க்கிருமிகள் அதில் உயிரோடுதான் இருக்கும். கரிமக் கழிவிலும் ஏறக்குறைய பாதிதான் தொட்டியில் குறையும். மீதி வேலை முழுவதையும் செய்வது மண். அதிலும் தண்ணீர் தேங்காத, துளைகளில் காற்று இருக்கிற மண்தான் அதைச் செய்யும். இரண்டு முதல் நான்கு அடி கனத்துக்கு அப்படிப்பட்ட மண் வழியாக மெதுவாகப் பொசிந்து போகும்போதுதான் கிருமிகள் பிடிபட்டுச் சாகின்றன, கழிவு செரிக்கிறது. அந்தக் காற்றோட்டமான மண் எப்போதும் மேல்மட்டத்தில்தான் இருக்கும். ஆழமாகப் போகப் போகக் காற்று குறைகிறது, நிலத்தடி நீர் நெருங்குகிறது. பாறை வெடிப்பில் இறங்கும் கழிவுநீரை யாரும் வடிகட்டுவதில்லை. அது நேராகக் கிணற்றுக்கோ ஆழ்துளைக்கோ போய்ச் சேரும், உங்களுடையதாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம்.

ஆக, மண் சரியில்லாத இடத்தில் கீழே போகக் கூடாது, மேலே வர வேண்டும். இந்தப் பதிலின் சாரம் இதுதான்.

அடுத்து, மண் சரியில்லை என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தினால் போதாது. அதில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. களிமண்ணில் தண்ணீர் இறங்காது. பருமணலிலும் வெடிப்புப் பாறையிலும் தேவைக்கு மேல் வேகமாக இறங்கும். சில இடத்தில் மண் நன்றாகவே இருக்கும், ஆனால் நீர்மட்டம் ஓரடிக்குக் கீழேயே நிற்கும். சில இடத்தில் மண்ணே இரண்டடிதான், அப்புறம் பாறை. கரிசல் மண் கோடையில் பிளந்து, மழையில் உப்பி மூடிக்கொள்ளும். வெயில் காலத்தில் சோதித்தால் தண்ணீர் பிளவுக்குள் ஓடிவிடும், நல்ல மண் என்று ஏமாந்துவிடுவீர்கள். சரிவான நிலத்தில் மேலே விட்ட தண்ணீர் கீழே நாலு அடி தள்ளி ஊறி வெளிவரும். இவற்றில் வேகமாக இறங்கும் மண்ணைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். களிமண் வீட்டுக்காரருக்குத் தன் பிரச்சினை கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கும் தெரிகிறது. மணல் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரிவதில்லை. தண்ணீர் அமைதியாகக் கீழே போய் கிணற்றைக் கெடுக்கிறது. கழிவுநீரால் கிணற்றில் நைட்ரேட் சேர்கிறது, குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

எனவே முதல் வேலை ஒரு குழி தோண்டிப் பார்ப்பது. கழிவுநீர் விடுவதற்கான குழியைச் சொல்லவில்லை, மண்ணைப் பார்ப்பதற்கான குழி. ஆள் இறங்கும் அகலத்தில், பாறை தட்டும் வரை. சுவரைக் கத்தியால் லேசாகச் சுரண்டிவிட்டு நிறத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே செம்மையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அங்கே காற்று நடமாடுகிறது. ஓர் ஆழத்துக்குக் கீழே சாம்பல் நிறத் திட்டுகளும் அவற்றுக்கு நடுவே துருப்பிடித்த ஆரஞ்சுப் புள்ளிகளும் தெரிந்தால், ஆண்டில் பல வாரங்கள் தண்ணீர் அந்த மட்டம்வரை ஏறி நிற்கிறது என்று பொருள். மண்ணிலுள்ள இரும்பு காற்றில்லாமல் கரைந்து, பிறகு காற்றுப் பட்ட இடத்தில் துருவாகத் திரும்பிப் படிந்ததால் வரும் அடையாளம் அது. குழி கோடையில் காய்ந்து கிடந்தாலும் அந்தப் புள்ளிகள் பொய் சொல்லாது. ஒரு பிடி மண்ணை ஈரப்படுத்திப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா போல வெளியே தள்ளுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஒடியாமல் நீண்டால் கனத்த களி. ஓர் அங்குலத்துக்குள் ஒடிந்தால் மணலோ வண்டலோ நிறையக் கலந்த, வேலைக்கு ஆகும் மண்.

அதற்குப் பிறகு நீர் இறங்கும் சோதனை. சாதாரணமாகச் செய்யும் தவறு, காய்ந்த குழியில் தண்ணீர் ஊற்றி உடனே மணி பார்ப்பது. காய்ந்த களிமண் முதலில் ஆவலோடு குடிக்கும், உப்பிய பிறகு வாயை மூடிக்கொள்ளும். முதல் நாளே குழியை நிரப்பி இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, மட்டம் 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஒரே அளவு திரும்பத் திரும்ப வரும்வரை செய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் சாதாரண உறிஞ்சுகுழி அங்கே பிழைக்காது. ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிட்டால் அந்த மண் வடிகட்டாது, அதுவும் சிக்கல்தான்.

உங்கள் வீட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஐந்து பேருக்கு ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளைக்கு 500 லிட்டர். கனத்த களிமண் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு ஏறக்குறைய 8 லிட்டர்தான் நிரந்தரமாக ஏற்கும். அப்படியானால் உங்களுக்கு 60 சதுர மீட்டருக்கு மேல் உறிஞ்சும் பரப்பு வேண்டும். நாலடி விட்டம், ஐந்தடி ஆழமுள்ள ஓர் உறிஞ்சுகுழியின் சுவர்ப் பரப்பு ஆறு சதுர மீட்டர்கூட வராது. பத்துக் குழி போட்டாலும் பற்றாது என்கிற இடத்தில் இரண்டாவது குழி எப்படி உதவும்? அது நிரம்பும்வரை சில மாதம் நிம்மதி கிடைக்கும், அவ்வளவுதான். அதிலும் ஈரக் களிமண்ணில் மண்வாரி இயந்திரத்தை விட்டுத் தோண்டினால், அதன் வாய் குழிச் சுவரைக் குயவர் பானையை வழித்தாற்போல வழுவழுவென்று மெழுகிவிடும். இருந்த கொஞ்ச நஞ்சத் துளையும் அன்றே அடைபடும்.

புதிதாக எதையும் கட்டுவதற்கு முன்னால் தண்ணீரைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் டேங்க் பக்கமோ குழிப் பக்கமோ போகாமல் திருப்பிவிடுங்கள். மழையில் மட்டும் எதிர்த்து வருகிறது என்று நீங்கள் சொல்வதால் இது முக்கியம். டேங்க்கின் மூடி இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் மழைநீரோ நிலத்தடி நீரோ உள்ளே கசிகிறதா என்று பாருங்கள். கழிவறைத் தொட்டியின் வால்வு ஓயாமல் ஒழுகினால் அது ஒன்றே நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டரைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். தொட்டியில் கொஞ்சம் வண்ணம் கலந்து, தண்ணீர் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் பீங்கானில் வண்ணம் வருகிறதா என்று தெரிந்துவிடும். துணி துவைக்கும் தண்ணீரை முடிந்தால் தனியாகப் பிரித்து மரங்களுக்கு விடுங்கள். சலவைத்தூளில் உள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துக் கலைத்து, துளைகளை அடைக்கும். அதனால் களிமண்காரர்கள் தூளைவிட, சோடியம் குறைவான திரவச் சோப்பைப் பயன்படுத்துவது நல்லது. டேங்க்கின் வெளியேறும் வாயில் ஒரு வடிகட்டி செருகினால் கசடுத் துணுக்குகள் மண்ணுக்குப் போவது நிற்கும். இவ்வளவும் செய்தே பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு.

சரி, அதற்கு மேலும் வேண்டும் என்றால் என்ன வழி?

உங்கள் மனைக்கு நான் முதலில் யோசிப்பது மணல் மேடு. இயற்கை மண்ணில் இல்லாத காற்றோட்டமான இரண்டடியைத் தரைக்கு மேலே நாமே கட்டுவதுதான் இதன் எண்ணம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 1940களின் கடைசியில் இதன் முதல் வடிவம் வந்தது. 1970களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் அதை ஆராய்ந்து அளவுகளைச் சீராக்கினார்கள். களிமண், மேலோட்டமான பாறை, உயர்ந்த நீர்மட்டம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே உருவான முறை இது. தரையின் மேல் ஓரடி முதல் இரண்டடி வரை கழுவிய மணல், அதன் மேல் முக்காலடி ஜல்லிப் படுகை, அதற்குள் சிறு துளையிட்ட குழாய்கள், எல்லாவற்றுக்கும் மேலே துணி விரிப்பும் மேல்மண்ணும் புல்லும். செப்டிக் டேங்க்குக்கு அடுத்து ஒரு பம்ப் தொட்டி இருக்கும். அங்கிருந்து நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக, குழாய்களுக்குத் தண்ணீர் ஏறும்.

இந்தக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாதாரண உறிஞ்சுகுழியில் தண்ணீர் எப்போதும் தேங்கியே நிற்கிறது. மண்ணும் நீரும் சந்திக்கிற இடத்தில் கருத்த, கொழகொழப்பான ஒரு படலம் வளர்கிறது. பாக்டீரியாக்களும் அவற்றின் பசையும் சேர்ந்த படலம் அது. மெல்லியதாக இருந்தால் அது நண்பன், கிருமிகளைப் பிடிக்கும். தேங்கியே கிடந்தால் தடித்துக்கொண்டே போய் மண்ணை மூடிவிடும். அழுத்தக் குழாய் வழியாகப் படுகை முழுக்கச் சமமாகத் தண்ணீர் பரவி, அடுத்த தடவைக்குள் மணல் வடிந்து காற்றை இழுத்துக்கொண்டால் படலம் தன்னைத்தானே தின்று மெலிகிறது. அதனால்தான் ஒரே முனையில் கொட்டுகிற குழாயை வைத்து மேடு கட்டினால் அது சீக்கிரம் கெட்டுப்போகும். பம்ப்பை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அளவு எப்படி வரும்? மணல் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 40 லிட்டர் ஏற்கும் என்று வைத்தால் 500 லிட்டருக்கு ஜல்லிப் படுகை 12 முதல் 13 சதுர மீட்டர் வரும். அதாவது நாலடி அகலம், 35 அடி நீளம். ஆனால் மணலுக்குக் கீழே இருப்பது அதே களிமண்தானே? ஆகவே மேட்டின் அடிப்பரப்பு முன்பு பார்த்த 60 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. ஓரங்கள் சரிந்து இறங்க வேண்டியிருப்பதால் அந்த அகலம் தானாகவே கிடைத்துவிடும். மேடு சதுரமாக இல்லாமல் நீளமாகவும் ஒடுக்கமாகவும், சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். சரிவான இடத்தில் படுகைக்கு அடியிலும் அதற்குக் கீழ்ப்பக்கமும் உள்ள பரப்பை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும், தண்ணீர் மேல்பக்கம் ஏறாதல்லவா.

கட்டும்போது கெடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேடு வரப்போகிற இடத்தில் லாரியையோ மண்வாரியையோ ஓட்டுவது. களிமண் ஒரு தடவை இறுகினால் திரும்ப இளகாது. முதல் நாளே கயிறு கட்டி அந்த இடத்தை மறித்துவிடுங்கள், மணலைப் பக்கத்திலிருந்தே தள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று, ஈரத்தில் உழுவது. மணல் கொட்டுமுன் தரையைப் புல்லோடு சேர்த்து உழுது சொரசொரப்பாக்க வேண்டும், ஆனால் அது புழுதியாக உதிரும் பதத்தில் இருக்க வேண்டும். உழும் ஆழத்திலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மி.மீ. தடிமனில் கம்பி போல உருண்டு வந்தால் இன்னும் ஈரம், வேலையைத் தள்ளிப்போடுங்கள். பொடிந்தால் ஆரம்பிக்கலாம். மணலும் கட்டட வேலையில் மிஞ்சிய மணலாக இருக்கக் கூடாது. நுண்தூள் கலந்த மணல் சில ஆண்டுகளில் தானே அடைத்துக்கொள்ளும். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மேலே சேறு தடிப்பாகப் படிந்திருந்தால் அந்த மணலைத் திருப்பி அனுப்புங்கள்.

மேட்டுக்கும் எல்லை உண்டு. மேட்டுக்கு அடியில் இயற்கை மண் ஓரடி முதல் இரண்டடியாவது ஆண்டு முழுவதும் நிலத்தடி நீர் ஏறாமல் இருக்க வேண்டும். உங்கள் சோதனைக் குழியில் ஆரஞ்சுப் புள்ளிகள் அதற்கும் மேலேயே தொடங்கினால் மேடு மட்டும் போதாது. முன்னதாகவே தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும்.

அப்படி முன்னதாகச் சுத்தம் செய்வதற்கு மூன்று வழிகள் பழகியவை. மிகப் பழையது மணல் வடிகட்டி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1887ல் தொடங்கிய லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில்தான் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். நீர் கசியாத ஒரு பெட்டியில் இரண்டடி மணல், மேலிருந்து இடைவெளி விட்டு விட்டுத் தண்ணீர், அடியில் சேகரிக்கும் குழாய். செப்டிக் டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரில் கரிமக் கழிவின் அளவு லிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் வரை இருக்கும் என்றால், நன்றாக நடக்கும் மணல் வடிகட்டியிலிருந்து 10க்கும் குறைவாகவே வரும். ஒரு சின்ன பம்ப்பைத் தவிர அசையும் பாகம் எதுவும் இதில் இல்லை. இடம் குறைவாக இருந்தால் பருமணலோ பொடி ஜல்லியோ போட்டு, வடிந்த தண்ணீரை மூன்று நான்கு தடவை திரும்ப மேலே விடும் வகையைக் கட்டலாம். நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியைக் குறைக்கும் கூடுதல் நன்மையும் அதில் உண்டு. மணல் நிலத்துக்காரர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, காற்று ஊதும் தொட்டி. ஏரேட்டர் வைத்த இந்தத் தொட்டிகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. அமெரிக்கத் தர அளவுகோலின்படி நல்ல தொட்டியிலிருந்து வெளிவரும் நீரில் கரிமக் கழிவு லிட்டருக்கு 25, மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இடம் மிகக் குறைவாகப் பிடிக்கும், அதனாலேயே சின்ன மனைக்காரர்கள் விரும்புகிறார்கள். ஆனால் இதை வாங்குகிறவர் ஓர் உயிரினக் கூட்டத்தை வளர்க்கப் போகிறார் என்பதை உணர்ந்து வாங்க வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் போனால் அந்தப் பாக்டீரியாக்கள் மூச்சு முட்டிச் சாகின்றன. ப்ளீச்சிங் நீரைத் தாராளமாக ஊற்றினாலும் சாகின்றன. வீட்டில் ஒரு மாதம் ஆளில்லை என்றால் உணவில்லாமல் மெலிகின்றன. மின் செலவைக் குறைக்க ஏரேட்டரை அணைத்து வைத்துவிட்டால் அது வெறும் செப்டிக் டேங்க்தான். சில மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கிற, பழுது நீக்கத் தெரிந்த ஆள் கிடைப்பாரா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்கமாட்டார் என்றால் மணல் வடிகட்டிப் பக்கமே வந்துவிடுங்கள்.

மூன்றாவது, நாணல் படுகை. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் ஆய்வாளர் 1950களில் நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யலாம் என்று காட்டியதிலிருந்து வளர்ந்த முறை. இரண்டடி ஆழத்துக்கு நீர் கசியாத விரிப்புப் போட்ட பள்ளம், அது நிறைய ஜல்லி, அதில் நாணல், சம்பு, கல்வாழை. தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, ஜல்லிக்குள்ளேயே மெதுவாக நகர்ந்து மறுமுனையில் வெளியேறும். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழேயே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கொசுவும் இல்லை, நாற்றமும் இல்லை, குழந்தைகள் கையை விடவும் வழியில்லை. ஆளுக்கு 3 முதல் 5 சதுர மீட்டர் வரை இடம் தேவை. சரிவு கொஞ்சம் இருந்தால் பம்ப்கூட வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த முறை இது, ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இது தண்ணீரைச் சுத்தமாக்கும், காணாமல் போகச் செய்யாது. செடிகள் உறிஞ்சியது போக மீதி வெளியே வரத்தான் செய்யும். அது மரங்களுக்கோ, மேலோட்டமான வாய்க்காலுக்கோ, மேட்டுக்கோ போக வேண்டும். பச்சையாகத் தின்னும் காய்கறிகளுக்கு அதை விடாதீர்கள்.

தண்ணீரைக் காணாமல் போகச் செய்வதாகச் சொல்லும் முறையும் ஒன்று உண்டு. விரிப்புப் போட்ட மணல் படுகையில் விட்டு, வெயிலும் செடிகளும் சேர்ந்து முழுவதையும் ஆவியாக்கிவிடுவது. வறண்ட இடங்களில் இது அழகாக நடக்கும். உங்களுக்கு நடக்காது, கணக்கே சொல்லிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். மழையைக் கழித்த பிறகு நாளைக்கு 4 மி.மீ. நிகரமாக ஆவியாகிறது என்று வைத்தாலும் 500 லிட்டருக்கு 125 சதுர மீட்டர் வேண்டும். மழைக்காலத்தில் அந்த நிகரம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், படுகை நிரம்பி வழியும். வழிவது கழிவுநீர்.

சுத்தம் செய்த தண்ணீரை மண்ணில் விடுவதற்குச் சொட்டுக் குழாயும் நல்ல வழி. அரையடி முதல் ஓரடி ஆழத்தில், வேர்கள் இருக்கும் மட்டத்திலேயே, நாளெல்லாம் துளித்துளியாக. மண் மெலிந்த, மரங்கள் உள்ள, சரிவான மனைகளுக்கு ஏற்றது, ஏனென்றால் தோண்ட வேண்டியதே மிகக் குறைவு. ஆனால் செப்டிக் டேங்க் தண்ணீரை நேராக அதில் விட்டால் துளைகள் அடைத்துவிடும். முன்சுத்திகரிப்பு, நுண்வடிகட்டி, அவ்வப்போது குழாயை அலசிவிடும் ஏற்பாடு மூன்றும் இருந்தால் மட்டுமே அதைத் தொடுங்கள்.

இடமே இல்லை, மண்ணே இல்லை, வெறும் பாறை என்கிறவர்களுக்கு உலர் கழிப்பறையைத் தயங்காமல் சொல்வேன். மலம் தரைக்கு மேலே கட்டிய அறையில் விழும், சிறுநீரும் கழுவும் நீரும் தனித்தனியாகப் பிரிந்து போகும். ஒவ்வொரு தடவையும் ஒரு கை சாம்பல் அல்லது காய்ந்த மரத்தூள். இரண்டு அறைகள், ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். மூடியதைக் குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் திறக்க வேண்டும், குளிர் அதிகமான இடத்தில் இரண்டாண்டு வரை விடுவது நல்லது. பிறகு பார்த்தால் காய்ந்த மண்போல இருக்கும், மரங்களுக்கு இடலாம். கழிவறைத் தண்ணீர் இல்லை என்று ஆகிவிட்டால் மீதி இருப்பது குளியல், சமையல் தண்ணீர்தான், அதை ஒரு சின்ன நாணல் படுகையே பார்த்துக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் மனமொத்துப் பழக வேண்டும் என்பதுதான் இதற்குள்ள ஒரே நிபந்தனை, அது சின்ன நிபந்தனையும் அல்ல.

வெறுமனே சேர்த்து வைத்து லாரியில் எடுத்துப் போகும் மூடிய தொட்டியைக் கடைசிக்கு வையுங்கள். 10,000 லிட்டர் தொட்டிகூட உங்கள் வீட்டுக்கு இருபது நாளில் நிரம்பிவிடும். லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதும் உங்கள் பொறுப்பில் வரும்.

நீர்மட்டம் உயரும் மனையில் எந்த முறையைக் கட்டினாலும் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. காலியான தொட்டி மிதக்கும். 3,000 லிட்டர் தொட்டியைச் சுற்றித் தண்ணீர் முழுக்க நின்றால் அதை மேலே தள்ளும் விசை மூன்று டன். பிளாஸ்டிக் தொட்டிகள் மழைக்காலத்தில் கசடு எடுத்த மறுநாளே மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வருவதும், இணைப்புக் குழாய்கள் முறிவதும் இதனால்தான். கீழே கான்கிரீட் தளம் போட்டு அதோடு பட்டையால் பிணையுங்கள், கசடு எடுப்பதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கசடும் மேலாடையும் சேர்ந்து தொட்டி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுத்தாக வேண்டும், பெரும்பாலான வீடுகளுக்கு அது இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை வரும். தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்க்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள், எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி. உள்ளே இருக்கும் வாயு ஒன்றிரண்டு மூச்சில் மயக்கம் போட வைக்கும். ஒரு நீளக் குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி மேலிருந்தே இறக்கி எடுத்தால் கசடு எவ்வளவு உயரம் என்று கறையிலேயே தெரியும். கசடைத் தின்றுவிடும் என்று விற்கும் பொடிகளை நம்பி இதைத் தள்ளிப்போட வேண்டாம், தேவையான பாக்டீரியாக்கள் மலத்திலேயே வேண்டிய அளவு இருக்கின்றன. சில பொடிகள் கசடைக் கலக்கிவிட்டு மண்ணுக்கு அனுப்பி, துளைகளை இன்னும் சீக்கிரம் அடைக்கின்றன.

இப்போது உங்கள் மனைக்கு வருவோம். இந்த வாரமே கூரைத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள், கழிவறை வால்வைச் சோதியுங்கள், டேங்க்கின் கசிவைப் பாருங்கள். மண் காய்ந்ததும் சோதனைக் குழி போடுங்கள். சாம்பல் திட்டும் ஆரஞ்சுப் புள்ளியும் இரண்டடிக்குக் கீழேதான் தொடங்குகிறது என்றால் மணல் மேடு கட்டுங்கள். ஓரடியிலேயே தொடங்கினால் நாணல் படுகையோ மணல் வடிகட்டியோ முன்னால் வைத்து, அதிலிருந்து வரும் தண்ணீரைத் தாழ்ந்த மேட்டுக்கு விடுங்கள். குடிநீர்க் கிணறு இருந்தால் அதிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, நிலத்தின் சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வையுங்கள், உங்கள் உள்ளாட்சியின் விதி அதைவிட அதிகம் கேட்டால் அதையே பின்பற்றுங்கள். பம்ப் தொட்டியை, நீர்மட்டம் அளவுக்கு மேல் ஏறினால் எச்சரிக்கும் மிதவை மணி அடித்த பிறகும் ஒரு நாள் தண்ணீர் கொள்ளும்படி பெரிதாகக் கட்டச் சொல்லுங்கள், மின்சாரம் போகும் நாளில் அது உதவும். படுகையிலிருந்து தரைக்கு மேல் தெரியும்படி மூடியுள்ள இரண்டு நிமிர்ந்த குழாய்களை வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். பம்ப் ஓடி வெகுநேரம் கழித்தும் அடியில் தண்ணீர் நின்றால், மேட்டில் ஈரம் தெரிவதற்குப் பல மாதம் முன்னதாகவே உங்களுக்குத் தகவல் கிடைத்துவிடும்.